பாலிகையில் பத்தாவது முளை

எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். பட்டு நெய்கிற ஊருக்குப் பெயரிலேயே பட்டா என்று. ஆரணிப் பக்கத்து எங்கள் முள்ளிப்பட்டில் இருக்கும் பட்டுக்கும் தறியில் ஏறும் பட்டுக்கும் உறவு கிடையாது. வட ஆர்க்காட்டுப் பக்கம் பல ஊர்கள் இப்படித்தான் முடியும். ‘பற்று’ தேய்ந்து ‘பட்டு’ ஆனது என்று எனக்குத் தமிழ் நடத்திய ஆசிரியர் சொன்னார். முள்ளி என்பது முட்செடி. முள்ளும் பற்றும் சேர்ந்த ஊர் என்று வைத்துக்கொள்ளலாம். போன ஆவணியில் என் தறிச் சன்னல் ஓரம் முளைத்த ஒரு செடி முள்ளாகவும் குத்தியது, பற்றாகவும் பிடித்துக்கொண்டது.

பெரிய பேத்திக்குக் கல்யாணம். பந்தக்கால் நடும்போதே பாலிகையும் போட்டுவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். நெல், கோதுமை, துவரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எள், உளுந்து, கொள்ளு. ஒன்பதையும் முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். மண் எடுப்பது என் வேலை. ஏரிக்கரைப் புற்றிலிருந்து கொஞ்சம் மண், ஆற்று மணல், காய்ந்து பொடியாக உதிரும் மாட்டுச் சாணம். சாணம் பச்சையாக இருந்தால் சூடேறி விதை வெந்துவிடும். நாற்றம் போய் மண் வாசனை வந்த பிறகுதான் கலக்க வேண்டும். என் ஆயா சொன்னது இது. அவளுக்கு அவள் மாமியார் சொன்னாளாம். கடை உரம் பாலிகையில் படவே கூடாது என்பது மட்டும் என் மனைவி சேர்த்த சட்டம்.

அகலவாய் மண்பாண்டம் ஐந்து. சுமங்கலிகள் பாலும் தண்ணீரும் கலந்து தெளித்தார்கள். கோயிலில் கொடியேற்றத்துக்கு முன் செய்யும் முளையிடுதலும் இதுவே. அங்குரார்ப்பணம் என்பார்கள், பயிருக்கு அதிபதி சந்திரன் என்பதால் இரவில் செய்வார்கள். தெற்கே மதுரைப் பக்கம் முளைப்பாரி வளர்ப்பவர்கள் அதற்கென்று இருட்டறை ஒதுக்குகிறார்கள். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. குழித்தறி இருக்கும் வீட்டில் இருட்டும் ஈரமும் எப்போதும் உண்டு. பட்டு இழை காய்ந்தால் அறும், அதனால் கோடையில் தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்போம். விதைக்கும் அதே ஈரம்தான் பிடிக்கிறது. தறிக்குழிக்குப் பக்கத்தில் பாண்டங்களை வைத்து வாழையிலை போட்டு மூடினோம். மூன்றாம் நாள் கொள்ளு இலையை முட்டித் தூக்கியது.

இருட்டில் வளர்ந்த முளையைப் பார்த்திருக்கிறீர்களா? மஞ்சளாக, நெட்டையாக, தலை துவண்டு நிற்கும். வெளிச்சம் எங்கே என்று தேடி, விதைக்குள் தாய் கட்டிக்கொடுத்த சோறு முழுவதையும் உயரமாகவே செலவழித்துவிடுகிறது. நாம் அதைப் பொன் முளை, மங்களம் என்கிறோம். செடியைக் கேட்டால் வேறு சொல்லும்.

கல்யாணம் முடிந்தது. பாலிகையை ஆற்றில் விட வேண்டும். கமண்டல நாகநதியில் அன்றைக்கு மணல்தான் ஓடியது. கிணற்றடியில் முளைகளைக் கரைத்துவிட்டு, மீந்த மண்ணை ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியில் கொட்டித் தறிச் சன்னலில் வைத்தாள் என் மனைவி. வெளியே வைத்தால் ஆடு மேய்ந்துவிடும். மண்ணோடு வந்த பயறும் உளுந்தும் பத்து நாளில் சோர்ந்து விழுந்தன. ஒன்று மட்டும் நின்றது. முதலில் இதயம் போன்ற இலை, யாரும் கவனிக்கவில்லை. புரட்டாசி பிறந்து, செடி முழ உயரம் தாண்டியதும் புதிதாக வந்த இலைகள் பிளக்க ஆரம்பித்தன. மூன்று விரல், பிறகு ஐந்து விரல். ஓரமெல்லாம் அரம் போலப் பல்.

ஜக்கார்டு அட்டை மாட்டிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பையன் அட்டையைக் கீழே வைத்துவிட்டுச் செடியைப் பார்த்தான்.

“இன்னா தாத்தா, கஞ்சா வளர்க்கிறியா?”

நான் கஞ்சாவைப் பொட்டலமாகப் பார்த்திருக்கிறேன், உயிரோடு பார்த்ததில்லை. அவன் போனில் படம் எடுத்துக் காட்டினான். அதே விரல், அதே பல். எனக்கு 68 வயது. 42 வருஷமாகச் சொந்தத் தறி. போலீஸ் ஸ்டேஷன் வாசலை ஒரே ஒரு தடவை, சைக்கிள் தொலைந்தபோது, மிதித்திருக்கிறேன். கால் நடுங்கியது. பிடுங்கி அடுப்பில் போடலாம் என்று கையை நீட்டினேன்.

“தொடாதீங்க,” என்றாள் மனைவி. “பாலிகையில வந்த முளை. புள்ள வாழப் போயிருக்கிற நேரத்துல அதைப் பிடுங்குவாங்களா?”

பாலிகையில் எது எப்படி முளைக்கிறது என்பதை வைத்துக் கல்யாணப் பெண்ணின் வாழ்வைக் கணிக்கிற வீடு எங்களுடையது. செழித்தால் செழிப்பு, கருகினால் கவலை. ஒன்பதும் போய், அழைக்காமல் வந்த பத்தாவது மட்டும் செழித்திருக்கிறது. அதைக் கிள்ளினால் தோஷம், வைத்திருந்தால் ஜெயில். தாம்பூலத் தட்டு வைத்து வளர்த்த மண்ணில் பாவச்செடி வருமா? வந்தால், மண் அதைப் புனிதமாக்குமா, அது மண்ணைக் கெடுக்குமா? இந்தக் கேள்வியோடு ஐந்து நாள் ஓடின.

சின்னப் பேத்தி சட்டம் படிக்கிறாள். போனில் கேட்டதும் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பாடம் நடத்தினாள். 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்றால் பூவும் காயும் பிடித்த நுனி மட்டும்தானாம். நுனியோடு சேராமல் தனியாக இருக்கும் விதையும் இலையும் கஞ்சா என்ற சொல்லுக்குள் வராது.

“அப்ப நம்ம செடியில பூவே இல்லையேம்மா?”

“தாத்தா, வைச்சிருக்கிறது வேற, வளர்க்கிறது வேற. அந்தச் செடியை வளர்க்கிறதே குத்தம். பத்து வருஷம் வரைக்கும் கடுங்காவல், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம்.”

விதை குற்றமற்றது. தனி இலை குற்றமற்றது. இரண்டுக்கும் நடுவில், மண்ணைப் பிளந்து நிற்கும் உயிர் மட்டும் குற்றம். தறிக்குழியில் உட்கார்ந்து யோசித்தேன். பாவு குற்றமில்லை, சேலையைக் கடையில் மடித்து வைத்தால் குற்றமில்லை, நெய்வதுதான் குற்றம் என்று ஒரு சட்டம் வந்தால் எப்படி இருக்கும்? ஆனால் பேத்தி அடுத்துச் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. இந்தச் சட்டத்தில் 35-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. குற்றம் செய்யும் மனம் உனக்கு இருந்தது என்றே கோர்ட்டு முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீதான்.

“எனக்குத் தெரியாம முளைச்சது, தாயி.”

“அதைத்தான் நீ நிரூபிக்கணும்.”

பெங்களூரில் வேலை பார்க்கும் பேரனுக்கு இதெல்லாம் விளையாட்டு. “சாணம் போட்டு, புத்து மண் போட்டு வளர்த்திருக்கே. சுத்த ஆர்கானிக் தாத்தா!” என்றான். அங்கே பையன்கள் வாடகை அறைக்குள் விளக்கு கட்டி, வெளிநாட்டு விதை வாங்கி, மண்புழு உரம் போட்டு வளர்த்து மாட்டிக்கொள்கிறார்களாம். ரசாயனம் படாதது, இயற்கையானது, அதனால் கெடுதல் இல்லை என்று அவர்களுக்குள் ஒரு சமாதானம். இந்த ஆர்கானிக் என்ற சொல் புது மடியாகிவிட்டது. நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்து இயற்கை உழவைப் பேசியது நிலம் சாகக் கூடாது என்பதற்காக. பஞ்சகவ்யம் ஊற்றினால் பயிருக்குத் தெம்பு வரும், ஊற்றுகிறவனுக்குப் புண்ணியம் வந்துவிடாது.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சைவ சித்தாந்த வகுப்பு நடத்துகிறார். ஏழெட்டுப் பேர் வருவோம், பாதிப் பேர் நெசவாளிகள். செடியைப் பற்றிச் சொல்லாமல், சும்மா கேட்பது போல, வினைக்கும் விதைக்கும் உள்ள சம்பந்தத்தைக் கேட்டேன். அவருக்குப் பிடித்த இடம் அது. சஞ்சிதம் குதிரில் கிடக்கும் விதை, பிராரத்தம் முளைத்துவிட்ட விதை, ஆகாமியம் இப்போது நாம் விதைத்துக்கொண்டிருப்பது. குருவருள் பட்டால் குதிரில் கிடப்பது வறுத்த விதையாகிவிடும். பார்க்க விதை மாதிரியே இருக்கும், முளைக்காது. முளைத்துவிட்டதை மட்டும் அறுத்துத்தான் தீர வேண்டும். ஞானிக்கும் அது விடாது. பெருங்காயம் வைத்த பாண்டத்தைக் கழுவினாலும் வாசனை போகாத மாதிரி.

இந்த வறுத்த விதையைப் பேத்தியிடம் சொன்னேன். அவள் அமெரிக்காவில் நடந்ததைச் சொன்னாள். 1937-இல் அங்கே கஞ்சாவுக்கு வரி போட்டு முடக்கும் சட்டம் வந்தபோது, பறவைத் தீனி விற்கிறவர்கள் முறையிட்டார்கள். புறாவுக்கும் பாட்டுக் குருவிக்கும் போடும் தீனியில் கஞ்சா விதைதான் முக்கியம். கடைசியில் முளைக்க முடியாதபடி செய்த விதைக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். மெய்கண்டார் வழியில் வந்தவர்கள் சொன்ன உவமையை வாஷிங்டனில் சட்டமாகவே எழுதியிருக்கிறார்கள்! அடுத்த சனிக்கிழமை வாத்தியாரிடம் அதையும் 35-ஆம் பிரிவையும் சேர்த்துச் சொன்னேன். பிரிவைக் கேட்டுத்தான் அதிகம் சிரித்தார். “நம்ம சித்தாந்தமும் அப்படித்தானேய்யா. உயிர் எப்ப கட்டுப்பட்டதுன்னு கேட்டா, அநாதின்னு சொல்றோம். குத்தவாளின்னு முதல்லயே முடிவு பண்ணிட்டு, விடுதலைக்கு வழி சொல்றோம். உங்க கோர்ட்டு முதல் பாதியை மட்டும் எடுத்துக்கிச்சு.”

கஞ்சாவுக்கு நம் சித்த மருத்துவத்தில் சிவமூலி என்றும் கோரக்கர் மூலி என்றும் பெயர் உண்டு. கோரக்கர் பதினெண் சித்தரில் ஒருவர். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் வடக்குப் பொய்கைநல்லூரில் அவர் சமாதிக் கோயில் இருக்கிறது. அவர் பிறப்பே ஒரு முளைப்புக் கதை. பிள்ளையில்லாத ஒருத்திக்குச் சித்தர் கொடுத்த திருநீற்றை, அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டுச் சாணி எரியும் அடுப்பில் கொட்டிவிட்டாள். வருஷங்கள் கழித்து வந்தவர் அடுப்புச் சாம்பலைப் பார்த்துக் கூப்பிட, உள்ளிருந்து பிள்ளை எழுந்து வந்தது. கேலிக்குப் பயந்து கொட்டிய இடத்திலிருந்து சித்தன் முளைக்கிறான். என் மனைவிக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. செடிக்கு ஆதரவாக அதை இரண்டு நாள் பயன்படுத்தினாள்.

இன்னொரு கதையும் உண்டு. கோரக்கரும் பிரமமுனியும் வேள்வி செய்தபோது தீயிலிருந்து இரண்டு பெண்கள் எழுந்தார்களாம். பிறகு அவர்கள் இரண்டு செடிகளாகிவிட்டார்கள். ஒன்று கோரக்கர் மூலி. மற்றது பிரமபத்திரம், அதாவது புகையிலை. கதையைக் கேட்ட எவருக்கும் ஒரு சந்தேகம் வர வேண்டும். புகையிலை அமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தது. ஆகவே கதைக்கு நானூறு வருஷத்துக்கு மேல் வயதிருக்காது. புதிதாக வந்த போதைக்கும் முனிவர் பெயரில் ஒரு பட்டா எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரே தீயில் பிறந்த அந்த அக்கா தங்கையில் ஒருத்தி இன்றைக்குப் பெட்டிக்கடையில் பீடிக்கட்டாக உட்கார்ந்திருக்கிறாள், மற்றவளுக்குப் பத்து வருஷம்.

வெள்ளைக்காரன் காலத்தில் ஜவ்வாது மலையில் லைசன்ஸ் வாங்கிக் கஞ்சா பயிரிட்டார்கள் என்று என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த அரசாங்கமே 1893-இல் ஒரு கமிஷன் போட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, அளவாகப் பயன்படுத்தினால் பெரிய கேடில்லை, தடை வேண்டாம் என்று மறு வருஷம் எழுதிவைத்தது. சிவனுக்கும் அந்தச் செடிக்கும் உள்ள பக்தியைப் பற்றியும் அதில் நிறைய இருக்கிறது. இப்போது மறுபடி காற்று திரும்புகிறது. 2018-இல் உத்தராகண்ட் அரசு நாருக்காக அதைப் பயிரிட உரிமம் கொடுத்தது. 2021-இல் உணவுத் தர ஆணையம் அதன் விதையை உணவாக விற்கலாம் என்றது. மலைக்காரர்கள் காலகாலமாக அதை வறுத்துச் சட்னி அரைக்கிறவர்கள். நெசவாளி என்பதால் எனக்கு நார்ச் செய்தியில்தான் ஆசை. தண்டை ஊறவைத்து உரித்தால் கிடைக்கும் நூல் துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகுமாம். தொட்டுப் பார்த்ததில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டுக் கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். என்னோடு தார் சுற்றிப் பழகியவன் ஒருவன் இருந்தான். கோர்வைக் கரை பூட்ட அவனை மிஞ்ச ஆளில்லை. தீபத்துக்குத் திருவண்ணாமலை போனவன், கிரிவலப் பாதையில் ஒரு காவி வேட்டி நீட்டிய சிலும்பியை வாங்கினான். சிவன் பிரசாதம் என்று சொல்லித்தான் கொடுத்தானாம். ஏழெட்டு வருஷத்தில் மிதி எண்ணிக்கை தப்ப ஆரம்பித்தது. கரையில் அன்னம் தலையில்லாமல் விழும். கேட்டால், அன்னம் தலையைத் தண்ணிக்குள்ள வச்சிருக்குது என்பான். சிரித்தோம். ஒரு நாள் முதலாளி வந்து பாவை அறுத்து எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் நாங்கள் சிரிக்கவில்லை.

பிரசாதம் என்றானே, அங்கேதான் எனக்குக் கோபம். காசிப் பக்கத்தில் எப்படியோ, தேவாரத்துச் சிவன் தலையில் சூடுவது ஊமத்தை. கொன்றையோடும் பிறையோடும் மத்தமலரை வைத்து நம் மூவரும் எத்தனை இடத்தில் பாடியிருக்கிறார்கள்! ஊமத்தையும் விஷம்தான். தின்றால் சித்தம் கலங்கும், அதிகமானால் உயிர் போகும். அது எங்கள் ஊர்க் குப்பைமேடெல்லாம் வெள்ளைக் குழல் பூவோடு நிற்கிறது. பறித்துக்கொண்டு போய்ச் சாத்துகிறோம், எந்தச் சட்டமும் தடுக்கவில்லை, எந்தப் பக்தனும் தின்னவில்லை. ஆலகாலத்தையும் அவன் தொண்டையில்தான் நிறுத்தினான். வெளியே விட்டால் உலகம் சாகும். அதனால் நடுக்கழுத்தில் தாங்கிக்கொண்டான். போதைச் செடிக்குச் சிவமூலி என்று பேர் வைத்தவர்கள் மருந்துக்கு வைத்தார்கள். அதைச் சிலும்பிக்கு உரிமமாக்கியவர்கள் அந்தக் கழுத்தை மறந்தவர்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான்காம் நாள் இரவு கரண்டு போய்விட்டது. தறியிலேயே உட்கார்ந்திருந்தேன். சன்னல் வழியே நிலா வெளிச்சம் விழுந்து செடியின் நிழல் பாவின் மேல் கைவிரல் மாதிரிப் படிந்திருந்தது. எதற்காக இவ்வளவு பயம் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பழி பாவத்துக்கு அஞ்சு என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி வளர்த்துவிட்டார்கள். பிரித்துப் பார்த்தேன். தெரு என்ன சொல்லும், சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள், கூட்டுறவுச் சங்கத்தில் தலைகாட்ட முடியுமா: எல்லாம் பழி. பாவம் என்று தனியாக எடுத்து வைக்க ஒன்றும் இல்லை. தொல்காப்பியர் கணக்கில் செடிக்கு ஓரறிவு, தொட்டால் உணரும், அவ்வளவுதான். அது தன் பழைய கணக்கைத் தீர்க்க நிற்கிறது, புதிதாக வினை ஏற்றிக்கொள்ள அதற்கு மனம் இல்லை. என் மனமும் அதை விதைக்கவில்லை.

அப்போதுதான் கை பாவின் மேல் இருப்பதைக் கவனித்தேன்.

ஒரு கிலோ பச்சைப் பட்டு எடுக்க ஏறத்தாழ ஏழு கிலோ கூடு வேண்டும். ஒரு கிலோவுக்கு ஐந்நூறு, அறுநூறு கூடு நிற்கும். கூட்டை உடைத்துக்கொண்டு பூச்சி வெளியே வந்தால் இழை அறுந்துவிடும் என்பதால் உள்ளே புழு கூட்டுப்புழுவாகத் தூங்கும்போதே அவித்துவிடுகிறார்கள். எங்கள் ஆரணிச் சேலை எடை குறைவு என்று பெயர் வாங்கியது. இருந்தாலும் அரைக் கிலோ பட்டு பிடிக்கும். இரண்டாயிரம் கூடு. வருஷத்துக்கு முப்பது சேலை என்று குறைத்தே வைத்தாலும், 42 வருஷத்துக்கு 1,260 சேலை. 25 லட்சத்துக்கு மேல் வருகிறது. பிறவி வகை 84 லட்சம் என்பார்கள். மாணிக்கவாசகர் தான் பிறந்து இளைத்த பிறவிகளைப் பட்டியல் போடும்போது புல்லில் தொடங்கிப் புழுவையும் சேர்த்திருக்கிறார். அந்தப் புழு என் பாவில் இருக்கிறது.

அவிக்கிறவன் நான் இல்லை, ராமநகரத்தில் எவனோ. உடுத்துகிறவளும் நான் இல்லை. நடுவில் நாடா ஓட்டுகிறேன். இந்தச் சமாதானம் செல்லாது என்று தெரியும். புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் தின்கிறவனையும் விற்கிறவனையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறார். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி பட்டு உடுத்தாதீர்கள் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். காஞ்சிபுரத்திலேயே அது எடுபடவில்லை, ஆரணியில் எங்கே? ஐதராபாத்தில் குசும ராஜய்யா என்ற கைத்தறி அதிகாரி, பூச்சி பறந்துபோன பிறகு மிச்சமிருக்கும் கூட்டில் நூல் நூற்று அகிம்சைப் பட்டு என்று நெய்து காட்டினார். இழை அறுந்ததை நூற்பதால் அந்த மினுக்கு வராது, விலையும் கூட. எங்கள் பக்கத்தில் அதைக் கேட்டு வந்த வியாபாரியை நான் பார்க்கவில்லை. அறுபத்துமூவரில் நெசவாளியான நேச நாயனார் சிவனடியார்களுக்கு நெய்து கொடுத்தது கோவணமும் கீளும் ஆடையும். பட்டு என்று கேள்விப்பட்டதில்லை. எங்கள் தெருவில் அவருக்குக் குருபூஜை நடக்கும்போது நாங்கள் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு நிற்போம்.

பேத்தியின் முகூர்த்தச் சேலை நானே நெய்தது. மணவறையில் அவள் உட்கார்ந்திருந்தபோது ஒரு பக்கம் பாலிகை. மேலே இரண்டாயிரம் உயிரின் நூல். அதைத் தொட்டுக் கும்பிட்டார்கள். மடி என்றார்கள். ஒரு குறையும் எவர் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும் படவில்லை. பக்கத்துப் பாண்டத்தில் யாரையும் கொல்லாமல் முளைத்த ஒன்றுக்கு நான்கு நாளாகத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறேன்.

பிறகொரு நாள் வாத்தியாரிடம் பட்டைப் பற்றிக் கேட்டேன். குலத்தொழில், கடமை, பலனை இறைவனுக்கு வைத்துச் செய் என்றார். அவருக்கே அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவர் வீட்டு அம்மாவின் அறுபதாம் கல்யாணச் சேலையும் என் தறிதான்.

ஐந்தாம் நாள் காலையில் கீரைக்காரக் கிழவி வந்தாள். கூடையை இறக்க இடம் தேடித் தறி வாசலுக்கு வந்தவள் சன்னலைப் பார்த்தாள். நானும் மனைவியும் மூச்சுவிடவில்லை. ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள்.

“நல்லா வந்துக்குதே. விதை யாரு குடுத்தது?”

“இன்னா செடிம்மா அது?”

“இன்னா செடியா? புளிச்சக்கீர. நாரு உரிக்கிற சாதி. வாயில வச்சா தெரியாதா?”

தண்டைத் தடவச் சொன்னாள். கண்ணுக்குத் தெரியாத பொடி முள் கையில் உரசியது. சாணத்தோடு வந்த விதையாக இருக்கும். மாடு எங்கேயோ மேய்ந்து, விதை செரிக்காமல் வந்து, பாலிகை மண்ணில் ஏறியிருக்கிறது. பேத்தி புத்தகத்தில் பார்த்துவிட்டு, இந்தப் புளிச்சைக்கு லின்னேயஸ் 18-ஆம் நூற்றாண்டிலேயே வைத்த பெயர் கன்னாபினஸ், கஞ்சாவைப் போன்றது என்று அர்த்தம் என்றாள். பக்கத்து வீட்டுப் பையன் ஏமாந்ததில் தப்பில்லை. கஞ்சா இலையில் ஒவ்வொரு விரலும் காம்பு வரைக்கும் தனித்தனி. புளிச்சையில் ஒரே இலை பிளந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

அன்று மதியமே என் மனைவி நுனிக் கொழுந்தைக் கிள்ளி, பூண்டும் காய்ந்த மிளகாயும் போட்டுக் கடைந்துவிட்டாள். பாலிகை முளையைக் கிள்ளலாமா என்று கேட்டேன். கீரைக்கு ஏது தோஷம் என்றாள். புளிப்பு நன்றாக இருந்தது.

கிள்ளிய இடத்தில் இரண்டு கிளை வந்து, மார்கழியில் பூத்தது. வெண்டைப் பூ மாதிரி, வெளிறிய மஞ்சள், நடுவில் அரக்கு. அந்தச் சேர்க்கை பிடித்துப்போய், மஞ்சள் உடலுக்கு அரக்குக் கரை வைத்து ஒரு சேலை போட்டிருக்கிறேன். பாதிக்கு மேல் ஏறிவிட்டது. பாவும் ஊடையும் சேர்ந்து 480 கிராம் பட்டு.